வெட்டுத்துண்டும் வீட்டுச் செடியும்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையிற் சிலாபத்தைக் கடந்து, முந்தலையும் தாண்டி வருவோர்க்கு மதுரங்குளி முதலில் ஒரு சந்தியாகவும் கடைத்தெருவாகவுமே தோன்றும். மேற்கே களப்பும் அதற்கப்பாற் கடலும் உள்ளன. கிழக்கே தென்னந்தோட்டங்கள் தொடர்கின்றன. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. தரை மணற்றரை. ஆண்டு மழை ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர் எனினும், அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே கொட்டி முடிந்துவிடும். சித்திரையில் ஒரு சிறு மழைக்காலம் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையிலே கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து பசுமையை வாட்டும். இத்தகைய நிலத்தில் வீட்டு முற்றத்திலும் விறாந்தையிலும் அழகுச் செடி வளர்த்தல் எளிதன்று எனப் பலர் எண்ணுகின்றனர். கடையிற் செடி வாங்கி வந்து, இரு மாதத்தில் அது பட்டுப்போகக் கண்டு, மனம் சலித்துக் கைவிட்டோரும் உளர். ஆயின், செடியை விலைகொடுத்து வாங்காமல், ஒரு கிளையை ஒடித்து வந்து வேர்விடச் செய்து வளர்த்தல் இவ்வூரார்க்குப் புதிய வித்தை அன்று. அவர்களின் வேலியே அதற்குச் சான்று.

வேலி அடைப்போர் மாரி தொடங்குமுன் சீமைக்கிளுவை, கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் நேரான கிளைகளைத் தறித்து, சில நாள் நிழலிற் கிடத்தி, அலவாங்கினாற் குழி குத்தி நடுவர். அதற்குக் கதியால் என்று பெயர். முதன்மழையில் அது துளிர்விடும். மறு ஆண்டில் அதனையே வெட்டி வேறொரு வளவின் வேலிக்குக் கதியாலாக்குவர். முருங்கையையும் அவ்வாறே தடியாக நட்டு வளர்ப்பர். சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காவிலிருந்து தோட்டங்களுக்கு நிழல்மரமாக வந்த மரம். தென்னைக்குப் பசுந்தாட்பசளையாகவும் ஆட்டுக்கு உணவாகவும் அடுப்புக்கு விறகாகவும் பயன்படுவதால், தேயிலை, இறப்பர், தென்னை ஆகிய மூன்றிற்கும் அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இலங்கை அரசினால் அறிவிக்கப்பட்டது. அந்த மரம் நாடெங்கும் பரவியதிற் பெரும் பங்கு விதைக்கன்று, கதியாலுக்கே உரியது. வேலிக்குச் செய்யும் அதே செயலைச் சிறிய அளவிற் சாடிக்குச் செய்தலே வீட்டுச் செடிக்குரிய வெட்டுத்துண்டு முறையாகும்.

வெட்டிய தடி ஏன் வளர்கிறது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். அறிந்தால் எங்கே வெட்டுவது, எப்படி நடுவது என்பன தாமே விளங்கும். இலை தண்டோடு பொருந்தும் இடம் கணு. கணுவின் கக்கத்தில் உறங்கும் மொட்டு ஒன்று இருக்கிறது. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மாறிழையம் என்னும் மெல்லிய படை உண்டு. அதன் கலங்கள் பிரிந்து பெருகும் ஆற்றலை இழக்காதவை. தண்டு வெட்டப்பட்டதும் வெட்டுவாயில் முதலில் ஒரு தடிப்பு மூடுகிறது. பின்னர்க் கணுவை அடுத்த பகுதியிலிருந்து, வேருக்கு இயல்பான இடமல்லாத இடத்திலே, வேர்கள் கிளம்புகின்றன. இதனைத் தூண்டும் பொருள் நுனித்தளிரிலும் இளம் இலையிலும் தோன்றிக் கீழ்நோக்கி இறங்குகிறது. ஒல்லாந்து நாட்டு விஞ்ஞானி பிரிற்ஸ் வென்ற் என்பார் ஓற்ஸ் நாற்றின் முளைநுனியை வைத்துச் செய்த பரிசோதனைகளால் 1928ஆம் ஆண்டில் அப்பொருளின் இருப்பை நிறுவினார். ஒக்சின் என்பது அதன் பெயர். 1934ஆம் ஆண்டில் வேதியியலார் அதனைப் பிரித்தெடுத்து இன்னதென அறிந்தனர். எடுத்த மூலப்பொருள் மனிதரின் சிறுநீர் என்பது வியப்புக்குரியது. அடுத்த ஆண்டிலேயே, அதனை ஒத்த செயற்கைப் பொருள்கள் வெட்டுத்துண்டுகளில் வேரை மிகுவிக்கும் என்று காட்டப்பட்டது. இன்று பயிர்மருந்துக் கடைகளில் வேரூக்கித் தூள் என விற்கப்படுவது அந்த வழியில் வந்ததே.

ஒக்சின் மேலிருந்து கீழ் நோக்கியே செல்லும். ஆதலின் தடியின் அடி எது, நுனி எது என்பது செடிக்குத் தெரியும், நடுவோர்தாம் மறந்துவிடுகின்றனர். இலை உதிர்ந்த குச்சியைத் தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என வருந்துவோர் பலர். இதனைத் தவிர்க்க அனுபவசாலிகள் ஒரு வழி கையாளுவர்: அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுவர். கண்ட அளவிலே அடி இன்னது என விளங்கும். சாய்வான வெட்டு மண்ணில் எளிதாக இறங்கவும் செய்யும். அடிவெட்டு ஒரு கணுவிற்குச் சற்றுக் கீழே, கால் அங்குலத்துள் அமைதல் நன்று.

இனி மற்றொன்று. வேரில்லாத துண்டு நீரை உறிஞ்சும் ஆற்றல் குறைந்தது; இலைகளோ இடையறாது நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும். வரவு குறைவு, செலவு மிகுதி. ஆகவே கீழ் இலைகளை நீக்கி, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விடுதல் வேண்டும். இலை பெரிதாயின் அதனைக் குறுக்கே பாதியாக வெட்டிவிடுவர். எல்லா இலையையும் களைந்துவிடுதலும் தவறே. இளந்தண்டுக்கு உணவு ஆக்குவதும் ஒக்சினைத் தருவதும் அந்த இலைகளே. முற்றிய கதியாலுக்கு இந்த விதி இல்லை. அதன் தண்டிலேயே மாப்பொருள் சேமித்திருப்பதால் ஓர் இலையுமின்றி அது துளிர்க்கும்.

வீட்டுச் செடிகளுள் வெட்டுத்துண்டின் பெருமையை மணி பிளான்ற் போல் உணர்த்துவது வேறில்லை. பொன்னிறக் கோடுகள் ஓடிய இலையுடைய இக்கொடி மதுரங்குளியிலும் மன்னாரிலும் சென்னையிலும் இலண்டனிலும் ஒரே உருவில் நிற்கிறது. இதன் தாயகம் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த மூரியா என்னும் சிறு தீவு. இக்கொடி பூப்பதில்லை என்றே சொல்லலாம். பூத்தலைத் தூண்டும் ஜிபரெலின் என்னும் ஓமோனை ஆக்கவேண்டிய மரபணு ஒன்று இதில் இயங்காமையே காரணம் என ஹொங்கொங் ஆராய்ச்சியாளர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பூவில்லை, எனவே விதையும் இல்லை. அங்ஙனமாயின் உலகெங்கும் வீடுகளில் தொங்கும் இக்கொடி முழுவதும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்ற துண்டுகளே. கேட்டு வாங்கிய கொடி தழைக்காது, சொல்லாமல் ஒடித்து வந்த கொடியே செல்வம் தரும் என்றொரு வழக்கு நம் நாட்டில் உண்டு. செல்வத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை. ஆயினும் அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெறுதலில் ஒரு நன்மை இருக்கிறது. எந்தக் கணுவில் வெட்டலாம் என்பதைச் செடிக்குரியவரே காட்டுவார். ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முளை புடைத்திருக்கும். வேர் அங்கிருந்தே வரும். கணுவில்லாத இலைக்காம்பை எத்துணை நாள் நீரில் வைத்தாலும் அது புதிய கொடியாகாது.

மணி பிளான்றை நீர் நிறைந்த போத்தலில் இட்டு வைப்பதே பெரும்பாலோர் வழக்கம். அது கண்ணுக்கு அழகியது. வேர் வருதலை நாளுக்கு நாள் காணலாம். எனினும் இலங்கையில் இன்று அந்தப் போத்தலைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசியே ஆகவேண்டியிருக்கிறது. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானோர் எனப் பதிவாகியோர் தொகை 186,101. இறந்தோர் 400க்கு மேற்பட்டவர். புத்தளம் மாவட்டமும் அந்நோய்க்கு விலக்கன்று. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சாக்கடையை நாடுவதன்று. வீட்டினுள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரையே நாடும். மணி பிளான்ற் போத்தல், பூச்சாடியின் கீழ்த்தட்டு, எறிந்த சிரட்டை ஆகிய மூன்றும் அதற்கு ஒன்றே. முட்டை நுளம்பாக ஏழு முதற் பத்து நாள் வரை போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, தம் வளவில் நுளம்பு பெருக இடங்கொடுத்தோர் நீதிமன்றத்தில் நின்று தண்டம் செலுத்த நேரும்.

நீரை மாற்றிவிட்டாற் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது என்பதே விடை. ஈடிஸ் நுளம்பு முட்டையை நீரின்மேல் இடுவதில்லை. நீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். அம்முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே போத்தலை வைத்தே தீரவேண்டும் என்போர் வாரத்துக்கு இருமுறை நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வாயைத் தண்டைச் சுற்றிப் பஞ்சினாலோ துணியினாலோ இறுக அடைத்தல் வேண்டும். இத்தனை பாடுபடுவதினும் போத்தலைக் கைவிட்டு ஈரத் தும்புத்தூளில் நடுதல் மேல். செடிக்கும் அதுவே நன்று. நீரில் வந்த வேர் மெல்லியது, முறியும் இயல்பினது. மண்ணுக்கு மாற்றியதும் சிலநாள் திணறி, பழைய வேரை இழந்து புதுவேர் விட்ட பின்னரே நிலைக்கும். தும்புத்தூளில் வந்த வேருக்கு இந்த இரட்டை வேலை இல்லை.

தும்புத்தூள் இப்பகுதியார்க்குத் தேடிச் செல்ல வேண்டிய பொருளன்று. குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பர். தேங்காய் மட்டையை அடித்துத் தும்பு எடுத்தபின் எஞ்சும் பழுப்புத் தூள் ஒரு காலத்தில் ஆலைகளின் பின்புறம் மலைபோற் குவிந்து, எவர்க்கும் வேண்டாக் கழிவாகக் கிடந்தது. ஐரோப்பிய நாடுகளிற் சதுப்பு நிலத்து முற்றா நிலக்கரியாகிய பீற்றைத் தோண்டிச் சாடிகளில் இடும் வழக்கத்துக்கு மாற்றுத் தேடியபோது, 1980களிலிருந்து அந்தக் கழிவுக்கு ஏற்றுமதிச் சந்தை பிறந்தது. இன்று அதனைக் கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகின்றனர். நீரைத் தன் நிறையின் பன்மடங்கு ஏந்தவும், அதே வேளையில் வேருக்குக் காற்றை விடவும் வல்லது அது.

ஒரு குறை உண்டு. அது உப்பு. மட்டையிலேயே இயல்பாகப் பொட்டாசியமும் சோடியமும் உள்ளன; களப்பின் உவர்நீரில் ஊறவைத்த மட்டையாயின் உப்பு இன்னும் மிகும். ஆதலால் ஆலையிலிருந்து கொணர்ந்த தூளை அப்படியே சாடியில் இடலாகாது. ஒரு வாளியிலிட்டு நல்ல நீரை நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிந்து கொட்டுதல் வேண்டும். இதனை மூன்று முறையேனும் செய்வர். முதலில் வடியும் நீர் கடுந்தேநீர் போலக் கறுத்திருக்கும். அந்நிறம் வெளிறும்போது உப்பும் பெரும்பாலும் நீங்கியிருக்கும். பின்னர் ஒரு பங்கு தூளுக்கு ஒரு பங்கு பருமணல் கலத்தல் தகும். ஆற்றுமணலே ஏற்றது. கடற்கரை மணல் மிக நுண்ணியது, உப்பும் உடையது. வேறு கிடையாதாயின் மழையிற் பலமுறை நனைந்த மணலை அரித்துக் கொள்ளலாம். பசளை எதுவும் இந்நிலையில் வேண்டியதில்லை. சாணம் இட்ட மண்ணில் வெட்டுத்துண்டை நடுவோர் வேருக்கு முன்னே அழுகலைக் காண்பர்.

கழுவும் நீரும் ஊற்றும் நீரும் நல்ல நீராதல் வேண்டும் என்பது சொல்ல எளிது. களப்பை அடுத்த வளவுகளிற் பல கிணறுகள் கோடையில் உவர்க்கின்றன. உவர்நீர் பட்ட செடியின் இலை விளிம்பு கருகும். வேர் விடாத துண்டோ ஒரேயடியாக வாடும். குடிநீருக்கே சைக்கிளிற் கலன் கட்டிச் செல்லும் வீட்டில் அழகுச் செடிக்கு நன்னீர் கேட்பது எவ்வாறு? இந்த இடத்திலே வெட்டுத்துண்டு முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. பத்துத் துண்டுகள் ஒரு சிறு தட்டில் அடங்கும். மூடி வைத்தால் நாளைக்கு ஒரு குவளை நீர்கூட வேண்டாம். கூரையிலிருந்து வடியும் மாரிமழையை நிறைகலனிற் பிடித்து வைத்தல் நன்று. அக்கலனின் வாயும் நுளம்பு புகாவண்ணம் மூடப்பட்டிருத்தல் வேண்டும் என்பதை மீண்டும் சொல்லத் தேவையில்லை. அரிசி களைந்த நீரும் ஆகும். உப்பிட்டதும் சவர்க்காரம் கலந்ததும் ஆகா.

மூடி வைத்தல் என்றது யாதெனின், துண்டுகளைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்தலே. 1829ஆம் ஆண்டளவில் இலண்டனில் வாழ்ந்த வைத்தியர் நதானியேல் வார்ட், மூடிய கண்ணாடிப் போத்தலினுள் புழுக்கூட்டை வைத்திருந்தபோது அதனடி மண்ணிலிருந்து செடி முளைத்து, நீர் ஊற்றாமலே வாழ்ந்ததைக் கண்டார். இலை விட்ட ஆவியே கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கு வந்தது. அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளில் அடைபட்டே பல செடிகள் சமுத்திரம் கடந்தன. 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூத் தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர் நாற்றுக்களும் அவ்வாறு வந்தவையே. மதுரங்குளி விறாந்தையில் அதே வேலையைச் செய்ய ஒரு தெளிந்த பொலித்தீன் பை போதும். அடி வெட்டிய பிளாத்திக்குப் போத்தலும் ஆகும். பை இலையைத் தொடாதபடி ஈர்க்கினால் வளைவு கட்டித் தாங்குதல் வேண்டும். நேர் வெயில் பட்டால் உள்ளே அவிந்துவிடும். தென்னோலை நிழலோ கிடுகுத் தட்டி மறைவோ உரிய இடம். நாளுக்கொருமுறை சற்று நேரம் திறந்து காற்று விடுவர்.

காலமும் கருதத்தக்கது. மாரியின் தொடக்கமே சிறந்தது. அடுத்தது சித்திரை மழை. கச்சான் வீசும் மாதங்களில் மூடியின்றி வைத்த துண்டு காலையில் நிமிர்ந்திருந்து மாலைக்குள் துவளும். அம்மாதங்களிலும் செய்யலாம், ஆனால் வீட்டின் கிழக்குப்புறச் சுவரின் மறைவில்.

எல்லாச் செடியும் ஒரே தன்மையன அல்ல. கற்பூரவள்ளியும் கோலியசும் யார் கையிலும் வரும்; ஒரு வாரத்தில் வேர் காணலாம். குரோட்டனுக்குப் பென்சில் பருமனுள்ள நுனித்தண்டு நான்கு முதல் ஆறு அங்குலம் வேண்டும். ஒரு மாதம் பொறுத்தல் வேண்டும். செவ்வரத்தைக்கு அதிக இளமையும் அதிக முற்றலும் இன்றி, பச்சை மாறிப் பழுப்புத் தொடங்கிய தண்டு தக்கது. போகன்விலாவுக்கு நன்கு முற்றிய குச்சி. அதன் புதுவேர் எளிதில் முறிவதால் தனித்தனிச் சிரட்டையிலேயே நட்டு, பின்பு சிரட்டையை உடைத்து மண்ணோடு எடுத்து மாற்றுவர். சிரட்டையின் அடிக்கண் துளையைத் திறந்து விட்டாலன்றி நீர் தேங்கும். பாலுடைய செடிகளாயின், வெட்டியதும் பாலைத் துடைத்து, வெட்டுவாய் காயும் வரை நிழலில் வைத்தபின் நடுதல் வேண்டும்; கள்ளி வகைகளுக்கு ஒரு வாரம் வரை காயவிடுவர். கற்றாழைச் சாறு, தேன், கறுவாத்தூள் என வெட்டுவாயிற் பூசுவனவற்றுக்குக் குறைவில்லை. இவற்றாற் பெருந்தீங்கு இல்லை. எளிதில் வேர்விடும் செடிக்கு இவை வேண்டா, வேர்விட மறுக்கும் செடிக்கு இவை போதா.

இலையிலிருந்தே செடியாவன சில உள. ரணகள்ளியின் இலையை ஈரமணலிற் கிடத்தினால் விளிம்பின் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு குட்டிச்செடி எழும். பாடசாலைப் பிள்ளைகள் இலையைப் புத்தகத்தினுள் வைத்துக்கூட இதனைக் கண்டிருப்பர். மருளின் நீண்ட இலையை மூன்றங்குலத் துண்டுகளாக வெட்டி, அடி எதுவோ அதனைக் கீழாக நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் முளை வரும். மருள் இனத்துள் ஒன்று இலங்கையின் பெயரையே தன் தாவரப் பெயரிற் கொண்டது. உலர்வலயக் காடுகளில் இயல்பாக வளர்வது. முன்னாளில் நார்க்கு உரித்தது. ஆயின் கடைகளில் விற்கும் மஞ்சள் விளிம்புடைய மருளை இலைத்துண்டாக நட்டவர் ஏமாற்றம் அடைவர். பிறக்கும் கன்றில் மஞ்சள் விளிம்பு இராது. அந்த இலையில் இருவேறு மரபுடைய கலங்கள் அடுத்தடுத்துப் படையாக வாழ்கின்றன. புதுமுளை உள்ளே உள்ள பச்சைக் கலங்களிலிருந்தே எழுகிறது. மஞ்சள் விளிம்பு வேண்டுவோர் கிழங்கைப் பிரித்தே நடுதல் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, இம்மாவட்டத்தின் தலைப்பயிராகிய தென்னை மட்டும் வெட்டுத்துண்டுக்கு இசையாது. அதற்குக் கிளை இல்லை. உச்சியில் ஒரே குருத்து. தண்டில் மாறிழையமும் இல்லை. குருத்தை வெட்டினால் மரமே முடிந்தது. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி, லுணுவிலையில் நிலையம் கொண்டு நடந்துவருகிறது. சிறந்த தாய்மரத்தின் இழையத்தைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து அதே குணமுள்ள கன்றுகளை ஆக்க அங்கே நீண்டகாலம் முயன்றும், தென்னை எளிதில் இணங்கும் பயிராகவில்லை. முற்றத்துக் குரோட்டனுக்கு ஒரு கத்தியாற் செய்வது அங்கே பெரும் ஆய்வுகூடத்துக்கும் அரிதாகிறது.

வெட்டுத்துண்டு தாயின் குணம் அனைத்தையும் கொண்டு வரும் என்பது நன்மை. தாயின் நோயையும் கொண்டு வரும் என்பது தீமை. 2008ஆம் ஆண்டிற் கம்பகா மாவட்டத்தில், மாவு பூசினாற்போன்ற ஒரு வெண்பூச்சி முதலிற் காணப்பட்டுப் பப்பாசித் தோட்டங்களை அழித்து, அரலியா, செவ்வரத்தை முதலிய வீட்டுச் செடிகளிலும் ஏறியது. மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பூச்சி அது. 2009ஆம் ஆண்டில் அதன் இயற்கைப் பகையாகிய சிறு குளவியை வரவழைத்து விட்ட பின்னரே அடங்கியது. இவ்வகைப் பூச்சி தானாகப் பறந்து நெடுந்தூரம் செல்லாது; காற்று ஓரளவு கொண்டு செல்லும், மற்றெல்லாம் மனிதர் கையில் எடுத்துச் செல்லும் கிளையே. ஆதலால் அன்பளிப்பாகப் பெற்ற துண்டை நடுமுன் இலையின் அடிப்புறமும் கணுவின் இடுக்கும் நோக்கி, ஐயமாயின் சவர்க்கார நீரில் துடைத்து, நல்ல நீரில் அலசுதல் வேண்டும். கத்தியைக் கொதிநீரில் அமிழ்த்தித் துடைத்தலும், புதிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்தலும் வீண்வேலை அல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் மற்றொரு கவனம்: மணி பிளான்ற் முதலிய செடிகளின் சாற்றில் ஊசிபோன்ற படிகங்கள் உண்டு, கடித்தால் வாயும் தொண்டையும் வீங்கும்.

புத்தளக் கரையின் குடிகளைப் பற்றிப் பேசுகையில் 1990ஆம் ஆண்டை விட்டுச் செல்ல இயலாது. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் நாளன்று அவர்க்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து, கற்பிட்டி, புத்தளம், முந்தல் பிரிவுகளிற் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். போர் 2009இல் முடிந்தபின் திரும்பியோரும் உண்டு. இங்கேயே நிலைத்தோரும் உண்டு. இரண்டிடத்தும் ஒவ்வொரு காலாக நிற்கும் குடும்பங்களும் பல. நிலம் தமது என உறுதியில்லாத குடிக்கு மரம் நடுதல் எண்ணிச் செய்யும் காரியம். சாடிச்செடி அப்படியன்று, பெயர்ந்தால் உடன் பெயரும். சாடியையும் சுமக்க இயலாதபோது ஓர் ஒடித்த நுனி போதும்.

பயணத்திற்கு அதனைக் கொண்டுசெல்லும் முறையும் அறிதற்குரியது. மதுரங்குளியிலிருந்து மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேருந்திற் செல்வோர், துண்டின் அடியை ஈரத்துணியாற் சுற்றி, அதன்மேல் வாழைமடலை வைத்துக் கட்டி, இலைப்பகுதியைக் காற்றோட்டமுள்ள கடதாசியால் மூடிச் செல்லலாம். ஒரு நாள் முழுவதும் வாடாது. முற்றிய குச்சியாயின் இரண்டு மூன்று நாளும் தாங்கும். யன்னலோர வெயிலில் வைத்தலே பெரும்பிழை. ஈரம் மிகுந்து நீர் சொட்டும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டினாலும் வெந்து அழுகும். சேர்ந்தவுடன் அடியில் அரை அங்குலம் புதிதாக வெட்டிவிட்டு நடுதல் வேண்டும்.

இது பொழுதுபோக்கு மட்டும் அன்று, வருவாயும் ஆகும். இலங்கையிலிருந்து அலங்கார இலைகளும் வேர்விடாத வெட்டுத்துண்டுகளும் வான்வழியாக ஐரோப்பாவுக்கும் பிற நாடுகளுக்கும் செல்கின்றன. தென்னையின் கீழ் நிழலில் இவற்றை வளர்த்தல் மேல்மாகாணத்திலும் வடமேல் மாகாணத்திலும் பரவியுள்ளது. அதிர்ஷ்ட மூங்கில் என விற்கப்படும் செடி அவற்றுள் ஒன்று. அது மூங்கிலும் அன்று, சீனத்திற் பிறந்ததும் அன்று. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திரசீனா. அதன் தண்டைக் கணுவுக்குக் கணு வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு செடி. ஏற்றுமதிக்குரிய துண்டு பூச்சியற்றதென அரச அலுவலர் சான்று வழங்கினாலன்றி விமானம் ஏறாது. அன்னிய நாட்டிலிருந்து கிளையைப் பயணப்பெட்டியில் ஒளித்துக் கொணர்தலும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டதே. கொடுநாட்டு வெப்பத்தில் உழைத்து ஊர் திரும்புவோர் அழகுக்கு ஆசைப்பட்டு அவ்வாறு கொணர்தல் தகாது. வீட்டளவில் விற்க எண்ணும் பெண்களுக்கு, சந்தை நாளில் வேர்விட்ட ஐந்தாறு சாடி குரோட்டனும் போகன்விலாவும் கொண்டுசெல்வதே தொடக்கத்துக்குப் போதுமானது.

வேர் வந்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்த்தல் கூடாது. புதுத்தளிர் கண்டாலும் உடனே நம்பலாகாது; சேமித்த உணவினாலேயே சில துண்டுகள் தளிர்த்துப் பின் வாடும். மூன்று வாரம் கழித்து, தண்டை இரு விரலாற் பிடித்து மெல்ல மேலே இழுத்தால் அது எதிர்த்து நிற்குமாயின் வேர் பற்றியிருக்கிறது. அதன்பின் பொலித்தீன் மூடியை முதல்நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் எனச் சிறிது சிறிதாக நீக்கி, ஒரு வாரத்தில் முற்றும் எடுத்துவிடலாம். சாடிக்கு மாற்றும்போது அடித்துளைமேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்து, மக்கிய இலைக்குப்பையும் செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, மாலைப்பொழுதில் நடுதல் வேண்டும். முதற் பசளை இடுதற்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். சாடியின் கீழே தட்டு வைப்பதாயின் அதில் நீர் தேங்கவிடாமல் மணலிட்டு நிரப்பி வைத்தல் நன்று.